விரல் நகத்தளவு தெய்வங்கள்

பிள்ளை ஆற்றில் விழுந்துவிடக் கூடாதே என்று பழைய எகிப்தில் தாய்மார் அதன் பின்னல் நுனியில் ஒரு மீனைக் கட்டிவிடுவார்கள். பிள்ளை ஓடினால் மீன் முதுகில் தட்டித் தட்டி ஆடும். தங்கத்தில் செய்திருக்கிறார்கள், பச்சையும் நீலமுமான கற்களில் செய்திருக்கிறார்கள். மீன் தண்ணீரில் மூழ்காது. அதை அணிந்த பிள்ளையும் மூழ்காது. நைல் கரையில் பிள்ளை வளர்க்கிறவளுக்கு இதைவிட அவசரமான வேண்டுதல் வேறென்ன இருந்திருக்கும்?

அந்த மீன்களில் எனக்குத் தெரிந்து மிக அழகானது எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தின் ஹராகா என்ற ஊரில் ஒரு சிறு பிள்ளையின் கல்லறையில் எடுத்தது. சுமார் 3,800 ஆண்டுப் பழைய தங்கக் கெளுத்தி. நைலில் ஒரு வகைக் கெளுத்தி வயிற்றை மேலே காட்டி மல்லாந்து நீந்தும். தட்டான் செய்தது அந்த வகையைத்தான் என்கிறார்கள். மீசை, துடுப்பு, வால் எல்லாம் அத்தனை சுத்தம். பிள்ளை எதனால் இறந்ததோ, பெற்றவர்கள் அந்தத் தங்கத்தைக் கழற்றி வைத்துக்கொள்ளவில்லை. கூடவே அனுப்பிவிட்டார்கள்.

இப்படியொரு மீனைப் பற்றி எகிப்தியரே ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார்கள். பெர்லினில் இருக்கும் வெஸ்ட்கார் பாப்பிரஸ் சுவடியில் வருகிறது. பிரமிடு கட்டிய கூஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு மன்னனுக்கு ஒருநாள் மனம் எதிலும் ஒட்டவில்லை. 20 இளம்பெண்களை விட்டு ஏரியில் படகு வலிக்கச் சொல்கிறான். வலித்துக்கொண்டே போகையில் முன்னணிப் பெண்ணின் கூந்தலில் இருந்த பச்சை நீலக்கல் மீன் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அவள் துடுப்பை நிறுத்திவிடுகிறாள், மற்றவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். வேறொன்று தருகிறேன் என்று மன்னன் சொல்லிப் பார்க்கிறான். அவள் மசியவில்லை. தன்னுடைய மீன்தான் வேண்டும் என்கிறாள். கடைசியில் ஜஜெமாங்க் என்ற பூசாரி மந்திரம் சொல்லி ஏரித் தண்ணீரில் பாதியைத் தூக்கி மறுபாதியின் மேல் அடுக்கிவைத்து, அடியில் ஓட்டுத்துண்டு ஒன்றின் மேல் கிடந்த மீனை எடுத்துக் கொடுக்கிறான்.

மன்னனே தந்தாலும் வேறொன்று வேண்டாம் என்கிற அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகப் புரிகிறது. அவளுக்கு அது நகையாக இருந்திருந்தால் மாற்று கொடுத்தால் சரியாகப் போயிருக்கும். அது காப்பு. அவளுக்காகக் கட்டியது.

நான் லண்டனில் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலி. இரவுப் பணி முடிந்து தூங்கி எழுகிற மதியங்களில் யூஸ்டன் பக்கம் போகும் வழக்கம் பல வருடங்களாக உண்டு. அங்கே லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் வளாகத்துக்குள் பெட்ரி அருங்காட்சியகம் இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போல் பிரமாண்டச் சிலைகள் கிடையாது. பழைய கண்ணாடி அலமாரிகள், அவற்றுக்குள் நெருக்கியடித்துச் சின்னச் சின்னச் சாமான்கள்: மணிகள், சீப்புகள், செருப்புகள், பானை ஓடுகள், தாயத்துகள். ஏறக்குறைய 80,000 பொருள்கள். என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுப்பவை தாயத்துகள்தான். பெரும்பாலானவை விரல் நகத்தைவிடப் பெரிதில்லை. கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்தால்தான் இது நீர்யானை, இது கண், இது தவளை என்று தெரியும்.

பிரமிடுகளும் கோயில் சுவர்களும் மன்னர்கள் எதில் பெருமைப்பட்டார்கள் என்று சொல்கின்றன. மக்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் இந்தச் சின்ன அலமாரிகளிடம்தான் வர வேண்டும். தேள், பாம்பு, பிரசவம், வெள்ளம், இருட்டு, காய்ச்சல், கெட்ட கனவு, செத்த பிறகு என்ன ஆகுமோ என்ற கவலை என்று ஒவ்வொரு பயத்துக்கும் ஓர் உருவம் இருக்கிறது. மூவாயிரம் வருடத்துக்கும் மேலாக ஒரு சமூகம் தன் கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வடிவம் கொடுத்து, துளையிட்டு, கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறது.

வடிவம், பொருள், நிறம், இடம்

இந்த அருங்காட்சியகத்துக்குப் பெயர் தந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் எகிப்து மண்ணைத் தோண்டியவர். தங்கச் சிலைகளைத் தேடிப் போனவர்கள் தூக்கி எறிந்த ஓட்டையும் மணியையும் உட்கார்ந்து வரிசைப்படுத்தியவர். 1914-ல் தாயத்துகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அதில் 275 வகைகளைப் பிரித்துக் காட்டினார். உடல் உறுப்பின் உருவம் அந்த உறுப்பைக் காக்கும். சக்தியைக் குறிக்கும் சின்னம் சக்தி தரும். உடைமைகளின் உருவம் மறுமையிலும் அந்த உடைமையைத் தரும். சில உருவங்கள் தீங்கை விரட்டும். சில உருவங்கள் தெய்வங்களே. இப்படி ஐந்து குடும்பங்கள். பிறகு வந்த அறிஞர்கள் இந்தப் பிரிவைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அந்த அலமாரிகளின் முன்னால் நிற்கும் புதியவருக்கு இன்றும் நல்ல வழிகாட்டி அதுதான்.

எகிப்தியரே பட்டியல் வைத்திருந்தார்கள். மெக்ரெகர் பாப்பிரஸ் என்ற சுவடியில் 75 தாயத்துகள் படத்தோடும் பெயரோடும் வரிசையாக இருக்கின்றன. தெந்தரா கோயில் சுவரில் 104 தாயத்துகள், எது எந்தப் பொருளில் செய்ய வேண்டும் என்ற குறிப்போடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொருள் மாறினால் பலன் மாறும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இறந்தவரோடு வைக்கும் 'இறந்தோர் நூல்' என்ற மந்திரத் தொகுப்பில் இது இன்னும் துல்லியமாக வரும். 155-வது மந்திரம் ஜெத் தூணுக்கு உரியது. மேலே நான்கு குறுக்குப் பட்டைகள் கொண்ட தூண் அது. மறுமையின் அரசனான ஒசிரிஸின் முதுகெலும்பு என்று கொண்டார்கள். அதைத் தங்கத்தில் செய்து இறந்தவரின் தொண்டையில் வைக்க வேண்டும். வைத்தால் படுத்தவர் நிமிர்வார். 156-வது மந்திரம் ஐசிஸ் தேவியின் முடிச்சுக்கு. இரண்டு கைகளும் கீழே தொங்க நிற்கும் உருவம் போன்ற ஒரு துணி முடிச்சு. அதைச் சிவப்புக் கல்லில் செய்ய வேண்டும், ஏனென்றால் சிவப்பு ஐசிஸின் ரத்தம். அடுத்து வரும் மந்திரங்கள் தங்கக் கழுகுக்கும், தங்கக் கழுத்தணிக்கும், பச்சைக் கல்லில் செய்த பாப்பிரஸ் தண்டுக்கும். பச்சை என்றால் நைல் வடிந்த சேற்றில் முளைக்கும் பயிர், அதாவது உயிர் மீண்டு வருவது. தங்கம் கறுக்காது, ஆகவே அது தெய்வங்களின் தசை. ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த நீல லாபிஸ் லசூலி வானத்தின் நிறம், தெய்வங்களின் கூந்தல் நிறம்.

தங்கமும் லாபிஸும் வாங்க எத்தனை பேரால் முடியும்? மற்றவர்களுக்குக் கைகொடுத்தது ஃபையான்ஸ். பளபளக்கும் நீலப் பச்சை நிறத்தில் நாம் படங்களில் பார்க்கும் எகிப்தியச் சின்னப் பொம்மைகளில் பாதிக்கு மேல் இந்தப் பொருள்தான். வெண்கல் மணலை மாவாக அரைப்பார்கள். அதில் கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் உப்புக்காரம் அல்லது செடிச் சாம்பல், நிறத்துக்குச் செம்புத்தூள் சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைவார்கள். களிமண் அச்சில் அழுத்தி எடுத்துக் காயவைத்தால், உள்ளே இருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து மேல்பரப்புக்கு வந்து பூக்கும். சூளையில் வைத்ததும் அந்த உப்பே உருகி மெருகாகிவிடும். தனியாகப் பூச்சு எதுவும் வேண்டாம்; பொருள் தன் ஒளியைத் தானே வெளியே கொண்டு வருகிறது.

பெட்ரி அருங்காட்சியகத்தில் அந்த அச்சுகள் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் சுட்ட மண் வில்லைகள். நடுவில் ஒரு குழி. குழிக்குள் தலைகீழ் உருவமாக ஒரு கண், ஒரு திராட்சைக் கொத்து, ஒரு குள்ள தெய்வம். விளிம்பில் விரல் அழுத்திய பள்ளம்கூடச் சிலவற்றில் தெரியும். 1891-92-ல் பெட்ரி அமர்னாவில் தோண்டியபோது இப்படி ஆயிரக்கணக்கான அச்சுகள் கிடைத்தன.

அமர்னா என்ற ஊர்தான் இதில் விசேஷம். அகெனாத்தென் மன்னன் பழைய தெய்வங்களை ஓரங்கட்டிவிட்டு, ஆதென் என்ற சூரிய வட்டம் ஒன்றுதான் தெய்வம் என்று அறிவித்துப் புதிதாகக் கட்டிய தலைநகர் அது. அந்தப் பழைய தெய்வங்களில் முதன்மையான ஆமுனின் பெயரைக் கோயில் சுவர்களிலிருந்தே செதுக்கி எடுக்கச் சொன்னவன். அவன் கண்முன்னால், அவனுடைய ஊரிலேயே, மக்கள் பிரசவத்தைக் காக்கும் நீர்யானை அம்மனையும் பிள்ளைகளைக் காக்கும் குள்ள தெய்வத்தையும் அச்சில் அழுத்திச் சுட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோயில் யாருடையது என்பதை அரசன் தீர்மானிக்கலாம். வலி எடுத்த பெண் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அரசன் தீர்மானிக்க முடியவில்லை.

செங்கல் மேல் பிரசவம்

அந்த நீர்யானை அம்மனின் பெயர் தவெரெத். எழுந்து நிற்கும் நீர்யானை. கர்ப்பிணியின் வயிறு, தளர்ந்த மார்பு, சிங்கத்தின் பாதங்கள், முதுகு நெடுக முதலைச் செதில். வாய் திறந்து பல் தெரியும். பாதுகாப்பைக் குறிக்கும் சின்னம் ஒன்றை முன்னால் ஊன்றிக்கொண்டு நிற்பாள். அழகான தேவிகள் எத்தனையோ பேர் இருக்க, பிரசவத்துக்கு ஏன் இவள்? நைலில் மனிதர்களை அதிகம் கொன்ற விலங்குகளில் நீர்யானை ஒன்று. குட்டி பக்கத்தில் இருந்தால் தாய் நீர்யானை எதன் மேலும் பாயும். எகிப்தியப் பெண்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். பிரசவ அறைக்குள் வரும் ஆபத்து எவ்வளவு மூர்க்கமானது என்று தெரிந்தவர்கள், அதைவிட மூர்க்கமான ஒரு தாயைத் துணைக்கு அழைத்தார்கள். வேலை பார்க்கும் இடத்தில் நான் பார்க்கிற பெண்களின் முகங்களை வைத்துச் சொல்கிறேன், அந்தத் தேர்வு சரி.

தவெரெத்துக்குத் துணை பெஸ். குட்டையான உருவம், சிங்கப் பிடரி, நாக்கைத் துருத்திக்கொண்டு, கையில் கத்தியோ பறையோ வைத்து ஆடுவான். தலையணைத் தாங்கியில், கட்டில் காலில், கண்ணாடிக் கைப்பிடியில் எல்லாம் அவன் இருப்பான். தூங்குகிறவர்களையும் குழந்தைகளையும் காப்பது அவன் வேலை.

எகிப்தியப் பெண்கள் செங்கற்களின் மேல் குந்தி உட்கார்ந்து பிள்ளை பெற்றார்கள் என்று எழுத்துகளிலிருந்து வெகுநாளாகத் தெரியும். 2001-ல் தென் அபிடோஸில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் வெக்னர் குழுவினர் அப்படியொரு செங்கல்லையே கண்டெடுத்தார்கள். பச்சை மண் கல். அதன் மேல் வண்ணத்தில், பிறந்த குழந்தையை ஏந்திய தாய், இருபுறமும் துணைப் பெண்கள், ஹாத்தோர் தேவியின் முகம். மண்ணைப் பிசைந்து செய்த கல்லும் காப்புதான். கால் வைக்கிற இடத்திலேயே தெய்வத்தை வரைந்துவிட்டார்கள்.

பெர்லினில் 3027 என்ற எண்ணுள்ள பாப்பிரஸ் முழுக்கத் தாய்க்கும் சேய்க்குமான மந்திரங்கள். கி.மு. 16-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. ஒரு மந்திரத்தில் பொன்மணி, செந்நிறக் கல்மணி, முதலையும் கையும் பொறித்த முத்திரை ஆகியவற்றை நூலில் கோத்துக் குழந்தையின் கழுத்தில் கட்டச் சொல்கிறது. இன்னொன்றில் நூலில் ஏழு முடிச்சு போடச் சொல்கிறது. எனக்கு மறக்காத மந்திரம் ஒன்று உண்டு. முகம் பின்பக்கம் திரும்பிய ஏதோ ஒன்று இருட்டில் வீட்டுக்குள் நழுவி வருகிறது. குழந்தையை முத்தமிட வந்தாயா, அமைதிப்படுத்த வந்தாயா, எடுத்துக்கொண்டு போக வந்தாயா என்று அதைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விடமாட்டேன் என்று மறித்து நிற்கிறது மந்திரம். உனக்கு எதிராகப் பூண்டும் தேனும் வைத்திருக்கிறேன் என்கிறது. தேன் மனிதருக்கு இனிப்பு, அங்கிருந்து வருகிறவர்களுக்குக் கசப்பு. பச்சைப் பிள்ளையின் மூச்சு இரவில் திணறுவதைப் பார்த்தவர்கள்தான் இப்படி எழுதியிருக்க முடியும்.

பிள்ளை பிழைத்துவிட்டால் அடுத்த கவலைகள். கி.மு. 1070-க்குப் பிறகான சில நூற்றாண்டுகளில் தீப்ஸ் நகரப் பகுதியில் புதுமாதிரி தாயத்து வந்தது. கோயிலில் தெய்வம் வாக்குக் கொடுத்ததாக ஒரு நீளமான, ஒடுக்கமான பாப்பிரஸ் பட்டையில் எழுதி, இறுகச் சுருட்டி, சிறு குழலுக்குள் இட்டுக் குழந்தையின் கழுத்தில் தொங்கவிடுவார்கள். யந்திரத் தகட்டைச் சுருட்டி உள்ளே வைத்த நம் வெள்ளித் தாயத்தை நினைத்துக்கொண்டால் போதும். இவற்றில் 20-க்கும் மேற்பட்டவை கிடைத்திருக்கின்றன. எகிப்தியல் அறிஞர் ஐ.இ.எஸ். எட்வர்ட்ஸ் 1960-ல் அவற்றைத் திரட்டிப் பதிப்பித்தார்.

அவற்றைப் படித்தால் ஒரு பெற்றோரின் மனம் அப்படியே தெரியும். பாம்பிலிருந்து, தேளிலிருந்து, இடிந்து விழும் சுவரிலிருந்து, குருட்டிலிருந்து, வாய்க்காலில் இருக்கும் பேயிலிருந்து, படகிலிருந்து, பொல்லாத கண்ணிலிருந்து, மாயக்காரர்களிடமிருந்து காப்பேன் என்று தெய்வமே தன் வாயால் சொல்வது போல் வரும். தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லும். எதையாவது விட்டுவிட்டால் அந்த வழியாக ஆபத்து வந்துவிடுமோ என்று, விடாமல் அடுக்கிக்கொண்டே போகும். நடுவில் அந்தப் பிள்ளையின் பெயர், தாயின் பெயர். எல்லாருக்கும் பொதுவாக எழுதியதில்லை. இந்தப் பிள்ளைக்கு எழுதியது.

காயம் ஆறிய கண்

தாயத்துகளில் அதிகம் கிடைப்பது ஹோரஸின் கண். மனிதக் கண்ணும் புருவமும். கீழே வல்லூறின் கன்னத்தில் இருப்பது போல் ஒரு கோடும் ஒரு சுருளும். கதை இது: ஒசிரிஸைக் கொன்ற செத் என்ற தெய்வத்துக்கும், ஒசிரிஸின் மகன் ஹோரஸுக்கும் அரசுரிமைச் சண்டை. அதில் ஹோரஸின் கண் சிதைந்துபோகிறது. ஞானத்தின் தெய்வமான தோத் அதைச் சீராக்கித் தருகிறான். முழுமையடைந்த அந்தக் கண்ணை ஹோரஸ் தன் தந்தைக்குக் கொடுக்க, தந்தை உயிர்த்தெழுகிறான்.

ஒருபோதும் அடிபடாத கண்ணை அவர்கள் காப்பாக வைத்துக்கொள்ளவில்லை. அடிபட்டு, சிதைந்து, பிறகு குணமான கண்தான் காப்பு. இதை யோசிக்க யோசிக்க எனக்கு எகிப்தியர் மேல் மரியாதை கூடுகிறது. நோயே வராது என்று எந்தத் தெய்வமும் சொல்ல முடியாது. வந்தது ஆறும் என்று சொல்ல முடியும்.

அந்தக் கண்ணை அவர்கள் வைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். உடலைப் பதப்படுத்தும்போது இடது விலாவுக்குக் கீழே அறுத்து உள்ளுறுப்புகளை எடுப்பார்கள். அந்த அறுப்பின் மேல் ஒரு தகடு வைத்து மூடுவார்கள். தகட்டில் பொறித்திருப்பது ஹோரஸின் கண். 1940-ல் பியேர் மோந்தே தானிஸில் கண்டுபிடித்த முதலாம் சுசென்னெஸ் மன்னனின் கல்லறையில் அந்தத் தகடு தங்கத்தில் இருந்தது. கத்தி பட்ட இடம் மீண்டும் முழுமையாக வேண்டும். பிற்காலத்தில் அதே இடத்தில் கறுப்புக் கல்லில் செய்த இரண்டு விரல்களையும் வைத்தார்கள்.

இதயமே, காட்டிக்கொடுக்காதே

மூளையை எகிப்தியர் மூக்கு வழியாக எடுத்து எறிந்தார்கள். இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டார்கள். நினைவு, அறிவு, மனசாட்சி எல்லாம் அங்கேதான் என்று நம்பினார்கள். செத்தவர் ஒசிரிஸின் சபைக்குப் போவார். அங்கே ஒரு தராசு. ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாஅத் தேவியின் இறகு. மாஅத் என்பவள் உண்மை, நேர்மை, ஒழுங்கு. அனுபிஸ் என்ற தெய்வம் தராசைப் பார்ப்பான், தோத் எழுதுவான். இதயம் பாரமாக இருந்தால் பக்கத்தில் காத்திருக்கும் அம்மித் விழுங்கிவிடும். முதலைத் தலை, சிங்க முன்னுடல், நீர்யானைப் பின்னுடல் கொண்ட பிராணி அது. அதன் வயிற்றுக்குள் போனவருக்கு மறுமை கிடையாது.

இந்த இடத்தில்தான் வண்டு வருகிறது. சாண உருண்டையை உருட்டிக்கொண்டு போகும் வண்டை எகிப்தியர் சூரியனை உருட்டும் தெய்வமாகக் கண்டார்கள். உருண்டைக்குள்ளிருந்து குஞ்சு வெளியே வருவதைப் பார்த்து, தன்னைத் தானே பிறப்பித்துக்கொள்ளும் உயிர் என்றார்கள். அந்த வண்டைப் பச்சைக் கல்லில் செய்து, அடிப்பக்கத்தில் 'இறந்தோர் நூலின்' 30பி மந்திரத்தைப் பொறித்து, இறந்தவரின் மார்பில் வைத்தார்கள். தாயிடமிருந்து பெற்ற என் இதயமே, சபையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே, தராசுக்காரன் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காதே என்பது அந்த மந்திரத்தின் பொருள்.

பேய்க்கும் பாம்புக்கும் காப்பு கட்டியவர்கள் கடைசியில் தங்கள் நெஞ்சுக்கே ஒரு காப்பு கட்டியிருக்கிறார்கள். செய்தது எல்லாம் உள்ளே இருக்கும் ஒருவனுக்குத் தெரியும் என்ற பயம் அது. எகிப்திய மதத்தின் ஆழம் எங்கே என்று யாராவது கேட்டால் நான் இந்த வண்டைத்தான் காட்டுவேன்.

ஆகப் பழைய இதய வண்டுகளில் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோபெகெம்சாஃப் என்ற மன்னனுடையது. நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. பச்சை ஜாஸ்பர் கல்லில் வண்டின் உடல், தலை இருக்க வேண்டிய இடத்தில் மனித முகம். கீழே தங்கப் பீடம். பீடத்தைச் சுற்றியும் அடியிலும் எழுத்து, கொஞ்சம் கோணல்மாணலாக. அந்த நூற்றாண்டுகளில் கல்லறைக்குள் வைக்கும் எழுத்துகளில் பறவை வடிவ எழுத்துகளைப் பல சமயம் கால் இல்லாமல் பொறிப்பார்கள். எழுத்துக்கு உயிர் வந்து இறந்தவரைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்று. காக்க வைத்த எழுத்திடமிருந்தே காப்பு! அந்த அளவுக்கு அவர்கள் எழுத்தை நம்பினார்கள்.

சோபெகெம்சாஃப் என்ற பெயரில் இரண்டு மன்னர்கள் உண்டு. அவர்களில் ஒருவனின் கல்லறை ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில் கொள்ளை போயிற்று. பிடிபட்ட அமென்பனெஃபெர் என்ற கல்தச்சனின் வாக்குமூலம் அப்படியே சுவடியில் இருக்கிறது. மன்னனின் கழுத்தில் நிறையத் தாயத்துகளும் தங்க நகைகளும் இருந்ததாகவும், அவற்றைக் கழற்றிக்கொண்டு சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்ததாகவும், தங்கத்தை எட்டுப் பங்காகப் பிரித்ததாகவும் சொல்கிறான். அதே தெய்வங்களை நம்பியவர்கள்தான். பசியோ பேராசையோ நம்பிக்கையை வென்றிருக்கிறது.

கட்டை அவிழ்க்காமல் பார்ப்பது

துத்தங்காமுன் மன்னனின் கல்லறையை 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தது எல்லாருக்கும் தெரியும். முப்பது வருடம் முன்னால் அமர்னாவில் பெட்ரியிடம் தோண்டக் கற்றுக்கொண்ட இளைஞன்தான் அந்த கார்ட்டர். 1925 நவம்பர் 11 அன்று டக்ளஸ் டெர்ரி என்ற உடற்கூறியல் பேராசிரியர் மம்மியின் கட்டில் முதல் வெட்டைப் போட்டார். துணிக்குள் 143 பொருள்கள். கழுத்தில் மட்டும் ஆறு அடுக்குகளாக 20 தாயத்துகள். தலைக்கு அடியில் சிறு தலையணைத் தாங்கி ஒன்று, இரும்பில். தலை துண்டாகிப் போகாமல் காக்கும் தாயத்து அது. இரும்பை உருக்கி எடுக்க எகிப்தியர் அப்போது அறியவில்லை; தங்கம் மலிந்து கிடந்த அந்தக் கல்லறையில் அரிய உலோகம் இரும்புதான். மன்னன் தொடையருகே இருந்த இரும்புக் கத்தி வானத்திலிருந்து விழுந்த எரிகல் இரும்பு என்று 2016-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

கார்ட்டர் ஒவ்வொரு அடுக்கையும் வரைந்து, எண்ணிட்டு, படம் எடுத்து வைத்தார். அந்தக் குறிப்புகள் பொன்னானவை. ஆனால் உடல் தப்பவில்லை. ஊற்றியிருந்த பிசின் இறுகிப்போனதால் சூடாக்கிய கத்தியால் பெயர்க்க வேண்டியதாயிற்று. தலையும் கைகால்களும் தனித்தனியாயின. அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பாவில் சீட்டு விற்று, கூட்டம் கூட்டி மம்மிகளை அவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து விழுந்த தாயத்துகள் பைக்குள் போயின, ஏலத்துக்குப் போயின. இன்று உலகமெங்கும் எத்தனையோ கண்களும் வண்டுகளும் யாருடைய மார்பில் இருந்தவை, எந்த அடுக்கில் இருந்தவை என்று தெரியாமல் கிடக்கின்றன. தொண்டையில் வைத்தால் ஒரு பொருள், விலாவில் வைத்தால் ஒரு பொருள் என்று அத்தனை கவனமாக வைத்த ஒன்றை இடம் பெயர்த்துவிட்டால் பாதி வாக்கியம்தான் மிஞ்சும். இணையத்தில் 'அசல் எகிப்தியத் தாயத்து' என்று விற்பனைக்கு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. போலி என்றால் காசு போயிற்று. அசல் என்றால் ஒரு கல்லறை போயிற்று. வாங்காதீர்கள்.

இப்போது வேறு வழி வந்துவிட்டது. எத்ஃபூ பக்கத்தில் நாக் எல்-ஹஸ்ஸாயா கல்லறைத் தோட்டத்தில் 1916-ல் எடுத்த ஒரு பையனின் மம்மி, கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தின் நிலவறையில் நூறு வருடம் பிரிக்கப்படாமல் இருந்தது. கதிரியல் பேராசிரியர் சஹார் சலீமும் அவருடைய குழுவினரும் அதை சி.டி. ஸ்கேன் செய்து 2023 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டார்கள். வயது 14 அல்லது 15. காலம் சுமார் கி.மு. 300. துணி மடிப்புகளுக்குள் 21 வகைகளில் 49 தாயத்துகள், உடல் நெடுக மூன்று வரிசைகளாக. பெரும்பாலானவை தங்கம். வாய்க்குள் தங்க நாக்கு, மறுமையில் பேசுவதற்கு. மார்புக் கூட்டுக்குள் இதய வண்டு. இடுப்புக்குக் கீழே இரண்டு விரல் தாயத்து. காலில் வெள்ளைச் செருப்பு, நடந்து போவதற்கு. ஒரு நூல்கூடப் பிரிக்காமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். வண்டை மட்டும் முப்பரிமாண அச்சில் எடுத்துக் கையில் வைத்துப் படித்தார்கள். தாயத்துகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. வைத்தவர்கள் கேட்டதும் அதுதானே?

மருந்தும் மந்திரமும்

என் வேலையைத் தெரிந்தவர்கள், மருத்துவம் படித்துவிட்டு இந்த மூடநம்பிக்கைகளில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். எகிப்தியர் மருத்துவம் தெரியாமல் தாயத்து கட்டிக்கொண்டவர்கள் இல்லை என்பது என் பதில். எட்வின் ஸ்மித் பாப்பிரஸில் 48 காயங்கள், எலும்பு முறிவுகள் பற்றி, பார்த்துச் சோதிப்பது எப்படி, எதைக் குணப்படுத்தலாம், எதை முடியாது என்று பதற்றமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அந்த 48-ல் மந்திரம் வருவது ஓரிடத்தில்தான். கி.மு. 1550 வாக்கில் எழுதிய, ஏறக்குறைய 20 மீட்டர் நீளமான எபெர்ஸ் பாப்பிரஸில் நூற்றுக்கணக்கான மருந்துக் குறிப்புகளோடு மந்திரமும் வரும். மருந்து போடும்போது சொல்ல வேண்டியது என்று தொடக்கத்திலேயே வருகிறது. மருந்து உடம்புக்கு. மந்திரமும் தாயத்தும், அந்த உடம்பின் பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் சேர்த்து. செய்ய முடிந்ததையெல்லாம் செய்தாயிற்று, இனி காத்திருக்க வேண்டும் என்ற நேரம் எங்கள் பிரிவில் தினமும் வரும். அந்த நேரத்தில் கைக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும். எகிப்தியர் அந்தப் பிடிமானத்துக்கு வடிவமும் நிறமும் பெயரும் கொடுத்தார்கள்.

தாயத்து நோயைத் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிரிவில் அதை யாரும் மருந்துக்குப் பதிலாக வைக்கவும் விடமாட்டேன். நான் சொல்வது வேறு. ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள அதன் வெற்றித்தூண்களைப் படிக்கிற அளவுக்கு அதன் கவலைகளையும் படிக்க வேண்டும். கவலையில்தான் அன்பு தெரியும். எகிப்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் நமக்கு விட்டுப்போன எழுத்து இந்தத் தாயத்துகள்தான்.

எந்த ஊர் அருங்காட்சியகத்திலாவது எகிப்து அறை இருந்தால், தங்க முகமூடியையும் சவப்பெட்டியையும் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். ஓரத்து அலமாரிக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு உருவத்தையும் காட்டி இதைக் கட்டிக்கொண்டவருக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். பாம்பு, இருட்டு, தண்ணீர், தனிமை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். எகிப்தியரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். மன்னர்களின் வரிசையை அப்புறம் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.